அம்பத்தூரில் வாடகை வீடு பார்ப்பது எப்படி: எஸ்டேட் வேலைக்கு வருகிறவர்களுக்கு

சென்னை அம்பத்தூரில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். வேறு நாளில் லீவு கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு எஸ்டேட்டுக்கும், அதாவது தொழிற்பேட்டைக்கும், லீவு. சின்ன பட்டறைகளில் லேத் ஓடாது, பவர் பிரஸ் தட்டாது, லாரிகள் ஓரங்கட்டி நிற்கும், எம்.டி.எச். சாலையில் சிரமமில்லாமல் போய் வரலாம். "அமைதியான ஏரியா" என்று புரோக்கர் சொல்வது அந்த ஒரு நாளைக்கு உண்மைதான். அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த பிறகு, திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து 'டக்... டக்...' என்று அதிர்வு வரும்போதுதான் வேறு அம்பத்தூர் தெரியும்.

அதேபோல மே மாதத்தில் பார்க்கிற வீடு ஒன்று, நவம்பரில் குடியிருக்கிற வீடு வேறு. வாடகை எவ்வளவு என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் எங்கே போகிறது, ராத்திரி என்ன சத்தம், குழாயில் என்ன வருகிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகு வாடகை பேசினால், பேரம் பேசுவதற்கும் கையில் ஏதாவது இருக்கும்.

எந்த அம்பத்தூர் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

'அம்பத்தூர் ஓ.டி.' வேறு, 'அம்பத்தூர் எஸ்டேட்' வேறு. இரண்டும் தனித்தனி பஸ் நிலையங்கள், இடையில் சில கிலோமீட்டர். பஸ் போர்டில் 'அம்பத்தூர்' என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏறி ஓ.டி.யில் இறங்கி, இன்டர்வியூவுக்கு ஆட்டோ பிடித்து ஓடுவது புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாக நடப்பது. ஓ.டி. என்றால் பழைய டவுன்ஷிப். கடைத்தெரு, கோயில், குடியிருப்பு எல்லாம் அந்தப் பக்கம். எஸ்டேட் 1964-இல் வந்த தொழிற்பேட்டை.

அடுத்த குழப்பம் ஒரகடம். அம்பத்தூருக்குள் ஒரு ஒரகடம் இருக்கிறது. கார் கம்பெனிகள் இருக்கும் ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஆஃபர் லெட்டரில் 'ஒரகடம்' என்றிருந்தால் எந்த ஒரகடம் என்று கேட்காமல் வீடு பார்க்கவே தொடங்காதீர்கள்.

முகவரியில் பின்கோடு நல்ல துப்பு. 600053 என்றால் அம்பத்தூர் ஊர்ப்பக்கம், 600058 என்றால் தொழிற்பேட்டை, 600098 என்றால் சிட்கோ தொழிற்பேட்டை, 600080 கொரட்டூர், 600050 பாடி, 600037 முகப்பேர், 600062 திருமுல்லைவாயல். விளம்பரத்தில் 'அம்பத்தூர் எஸ்டேட் அருகில்' என்று போட்டுவிட்டு 600062 என்று இருந்தால், அந்த 'அருகில்' ரயிலில் போகிற அருகில்.

இதில் நிர்வாக எல்லையும் கலந்திருக்கிறது. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாவது மண்டலமானது. ஆகவே குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் புகாருக்கெல்லாம் 1913. திருமுல்லைவாயலோ ஆவடி மாநகராட்சி. அங்கே 1913-க்குப் போன் போட்டுப் பயனில்லை. குடிநீர், கழிவுநீர் விஷயத்திலும் இந்த எல்லை பெரிய வித்தியாசம் செய்யும். வீட்டு ஓனரிடம் சொத்துவரி ரசீதைக் காட்டச் சொன்னால் எந்த மாநகராட்சி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரசீதில் இருக்கிற பெயரையும் அப்போதே பார்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வழி சொல்கிறவர்கள் இங்கே தெருப்பெயரைச் சொல்வதில்லை. டன்லப், வாவின், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று பஸ் நிறுத்தத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். கம்பெனி இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை, பெயர் நின்றுவிட்டது. வீட்டு ஓனரிடம் "எந்த ஸ்டாப்பிங்?" என்று கேட்டுக்கொள்வதே நல்லது.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

சென்னை–அரக்கோணம் ரயில்பாதை இந்த ஊரைக் கிழக்கு மேற்காக அறுத்துக்கொண்டு போகிறது. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று வரிசை. எஸ்டேட்டுக்குப் பட்டரவாக்கம்தான் கிட்டே. ஆனால் வேக லோக்கல்கள் அங்கே நிற்காமல் போவதுண்டு. அம்பத்தூரில் இறங்கித் திரும்பி வர வேண்டியிருக்கும். உங்கள் ஷிஃப்ட் நேரத்துக்கு எந்த வண்டி பட்டரவாக்கத்தில் நிற்கிறது என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்.

ஏ ஷிஃப்ட் என்றால் காலை 6 மணி, பி என்றால் மதியம் 2, சி என்றால் இரவு 10 என்பது பரவலான கணக்கு. பி ஷிஃப்ட் முடிந்து பத்தே காலுக்கு வெளியே வருகிறவருக்கு, மதியம் பதினைந்து நிமிடத்தில் ஷேர் ஆட்டோ கிடைத்த அதே பாதை நாற்பது நிமிடமாகும். ஆகவே போய்வரும் நேரத்தை நீங்கள் திரும்பும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள், வீடு பார்க்கும் நேரத்தில் அல்ல.

வரைபடத்தில் 800 மீட்டர் என்று காட்டும் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எங்கே கடப்பது? சுரங்கப்பாதையா, மேம்பாலமா, ஸ்டேஷன் படிக்கட்டா? சைக்கிளோ பைக்கோ அதில் போகுமா? சுரங்கப்பாதை என்றால் மழைக்கு அதில் தண்ணீர் நிற்குமா? "எல்லாரும் இப்படித்தாங்க தாண்டுறாங்க" என்று தண்டவாளத்தைக் காட்டினால் அந்தக் குறுக்குவழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம், ரயில்வே சட்டப்படி அத்துமீறி நுழைவது குற்றமும்கூட.

பகுதிகளைப் பற்றி ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம் பக்கம் வீடு எடுத்தால் நடந்தே வேலைக்குப் போகலாம். வீடுகள் சிறியவை, லாரியும் தூசியும் கூடவே வரும். தனியாக இருக்கும் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து தங்க இது தோது. கல்யாணமாகாதவர்களுக்கு வீடு கொடுக்க மற்ற இடங்களில் தயங்குவதுபோல இங்கே தயங்குவது குறைவு. அத்திப்பட்டு, அயனம்பாக்கம் பைபாஸ் பக்கம் என்பதால் பைக் வைத்திருப்பவர்களுக்குச் சரி, பஸ்ஸை நம்புகிறவர்களுக்குக் கஷ்டம். முகப்பேர் மேற்கு வீட்டுவசதி வாரியம் வகுத்த தெருக்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் பக்கம், அதற்கேற்ற வாடகை. வெங்கடாபுரம், கிருஷ்ணாபுரம், விஜயலட்சுமிபுரம் குடும்பங்களின் இடம். ஸ்டேஷனும் கடைத்தெருவும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. புதூர், கள்ளிக்குப்பம், ஒரகடம் போகப் போக வாடகை இறங்கும், ஸ்டேஷன் விலகும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குடும்பம் என்றால் எஸ்டேட்டை ஒட்டி எடுக்காமல் ஒரு ரயில் ஸ்டேஷன் தள்ளி எடுப்பதே புத்திசாலித்தனம்.

மழைத் தண்ணீர் எங்கே போகும்

இந்த வட்டாரத்தின் பள்ளம் மேடு ஏரிகளால் ஆனது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து மாதவரம் பக்கத்து ஏரிக்கு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதுதான் பழைய ஏற்பாடு. இடையிலிருந்த கால்வாய்களின் ஓரத்தில் வீடுகள் வந்துவிட்டன, கால்வாய்கள் குறுகிவிட்டன. மழைநீரோடு கழிவுநீரும் அதே கால்வாயில் ஓடுகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அதனால் இங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அது வெறும் மழைத் தண்ணீராக இருக்காது. கொரட்டூர் ஏரி தண்டவாளத்துக்கு வடக்கே. கருக்கு, மேனாம்பேடு, கள்ளிக்குப்பம், பட்டரவாக்கத்தின் வடபக்கம் ஆகிய இடங்களில் தரைத்தளம் பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

தெருவில் நுழைந்ததும் வீட்டைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு முறை புதிதாகத் தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வந்திருக்கும், வீடு அதே இடத்தில் நிற்கும். கேட்டுக்கு உள்ளே இறங்குகிறீர்களா, ஏறுகிறீர்களா? ஒரு படி இறங்கினாலும் தெருவின் தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான். பிறகு சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பாருங்கள். அது ரோட்டு மட்டத்தைவிடக் குறைந்தது ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். தரையோடு தரையாக இருந்தால் முதல் பெருமழைக்கே சாக்கடைத் தண்ணீர் சம்புக்குள் இறங்கும். வீட்டுக்குள் ஒரு சொட்டு வராவிட்டாலும் குளிக்கத் தண்ணீர் இருக்காது.

காம்பவுண்ட் சுவரைச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் பழைய வெள்ளம் நின்ற கோடு தெரியும். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் பக்கத்துக் காலி மனையின் சுவரில் தெரியும். ஈ.பி. மீட்டர் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. ஒரு தெரு முழுக்க மீட்டர்களைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் அந்தத் தெருக்காரர்கள் ஏதோ பார்த்திருக்கிறார்கள்.

காலி மனை இன்னும் நன்றாகப் பேசும். மே மாத வெயிலிலும் அதில் கோரைப்புல் பச்சையாக நின்றால் அங்கே வருஷத்தில் பாதி நாள் ஈரம். சுற்றி எல்லாம் காய்ந்திருக்க அந்த மனை மட்டும் பச்சை என்றால், பக்கத்து வீட்டின் தரைத்தளத்தை விட்டுவிடுங்கள். முதல் மாடி கிடைத்தால் யோசிக்கலாம். அப்போதும் பைக்கை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இருக்கும்.

ஓனரிடம் "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "நிக்கவே நிக்காது" என்பதுதான் பதில். கேள்வியை மாற்றுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமோ மளிகைக்கடை அண்ணாச்சியிடமோ, "2015 டிசம்பர்ல இங்க எதுவரைக்கும் வந்துச்சுண்ணே? 2023 டிசம்பர் புயலப்போ?" என்று கேளுங்கள். ஆமா இல்லை என்று யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். முழங்கால், இடுப்பு, கடைப்படி என்று அளவோடு சொல்வார்கள். எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீர் வந்து ஆறு மணி நேரத்தில் வடிகிற தெருவும் நான்கு நாள் நிற்கிற தெருவும் ஒன்றல்ல.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, இல்லை செப்டிக் டேங்க்கா என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். தெருவில் மேன்ஹோல் மூடி இருந்தால் வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தரைத்தளக் கழிவறையின் மட்டம் தெருவைவிடத் தாழ்வாக இருந்தால் பெருமழையில் அது எதிர்த்திசையில் வேலை செய்யும். செப்டிக் டேங்க் என்றால் கடைசியாக எப்போது எடுத்தார்கள், லாரிச் செலவு யாருடையது என்பதை அப்போதே பேசி முடியுங்கள்.

சத்தம், அதிர்வு, தூசி

பிடித்த வீட்டை ஒரு வேலைநாளில் இரவு பத்தே காலுக்குப் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை, தெருவின் சத்தத்தில் மெஷின் சத்தம் மறைந்துவிடும்.

சத்தத்தைவிட அதிர்வுதான் ஆளைக் கொல்லும். ஜன்னலைச் சாத்தினால் சத்தம் குறையும். பவர் பிரஸ், ஃபோர்ஜிங் சுத்தியல் இவற்றின் அடி தரை வழியாக வரும், அதற்குச் சாத்த ஜன்னல் கிடையாது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து இரண்டு நிமிடம் பாருங்கள். ஒரே இடைவெளியில் வளையம் வளையமாக அலை எழும்பினால் பக்கத்தில் பிரஸ் ஓடுகிறது. தலையணையில் தலை வைத்தால் அதைத்தான் கேட்பீர்கள்.

எஸ்டேட்டுக்கு வெளியேயும் இந்தத் தொல்லை உண்டு. குடியிருப்புத் தெருக்களில் தரைத்தளத்தில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற இடங்கள் நிறைய. ஷட்டர் மூடியிருந்தாலும் அடையாளம் தெரியும். வாசல் ஓரம் சுருள் சுருளாக இரும்புச் சீவல், சாக்கடையில் பால் மாதிரி வெளுத்த கூலண்ட் (மெஷினைக் குளிர்விக்கும்) தண்ணீர், கதவருகே எண்ணெய்க் கறை. இந்தச் சீவல் உங்கள் பைக் டயருக்கு மாதம் ஒரு பஞ்சர் தரும்.

தூசியைச் சோதிக்க ஒரு வெள்ளைத் துணியும் சின்ன காந்தமும் போதும். மொட்டை மாடியிலோ ஜன்னல் கம்பியிலோ படிந்திருக்கும் கறுப்புத் தூளைத் துணியில் துடைத்து, காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். தூள் எழும்பி ஒட்டினால் அது இரும்பு. கிரைண்டிங் அல்லது ஃபவுண்டரி வேலை பக்கத்தில் நடக்கிறது. வெள்ளை சட்டையை மாடியில் காயப்போட முடியாது, ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருந்தால் அந்த வீடு வேண்டவே வேண்டாம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் வண்டிப்புகையும் ரோட்டுத் தூசியும்.

வாசனைக்குக் காற்றின் திசை முக்கியம். கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். பெயிண்ட் அடிக்கிற, பவுடர் கோட்டிங் போடுகிற பட்டறைக்கு மேற்கே உங்கள் வீடு இருந்தால் மாலை நாலு மணிக்குத் தெரிந்துவிடும். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். தொழிற்பகுதியில் 75, 70. நீங்கள் குடிபோகும் இடம் எந்த வகை என்பது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் சர்வே எண்ணைப் போட்டால் தெரியும். தொழிற்பகுதி என்று குறித்த இடத்தில் வீடு எடுத்துவிட்டு 45 டெசிபல் கேட்டுப் புகார் கொடுத்தால் எடுபடாது. பக்கத்துக் காலி மனை எந்த வகையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். நாளைக்கு அங்கே என்ன வரலாம் என்பதற்கு அதுதான் பதில்.

தண்ணீர்

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சம்ப் ஒண்ணா, ரெண்டா?" குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீருக்குத் தனி சம்ப், போர் தண்ணீருக்குத் தனி சம்ப் இருந்தால் சமையலுக்காவது நல்ல தண்ணீர் மிஞ்சும். இரண்டையும் ஒரே சம்பில் விட்டால் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து இரண்டுக்கும் உதவாமல் போகும். மெட்ரோ இணைப்பு வீட்டுக்கே இருக்கிறதா, வாசல் கைப்பம்பா, தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியா என்று பிரித்துக் கேளுங்கள். "மெட்ரோ வாட்டர் இருக்கு" என்ற பதில் இந்த மூன்றில் எதையும் குறிக்கும்.

அளவைக் கணக்குப் போடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. நாலு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 2,160 லிட்டர். கோடையில் போர் வற்றி 9,000 லிட்டர் லாரி வாங்கினால் நாலு நாளில் தீரும். மாதம் ஏழு, எட்டு லாரி. அந்தச் செலவைத் தலைக்கா, வீட்டுக்கா, எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது குடிவந்த பிறகு சண்டை வரும் இடம். தனியாள் ஒருவர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கொடுக்கிற ஏற்பாடு சில கட்டடங்களில் உண்டு. சம்பின் கொள்ளளவு 9,000 லிட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரிய லாரியை முழுதாக இறக்கவே முடியாது.

போர் தண்ணீரைப் பார்க்க, மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஒரு வெளிப்படையான பாட்டிலில் பிடியுங்கள். பைப்பில் தங்கிய தண்ணீரைச் சோதித்து ஏமாறக் கூடாது. பிடித்ததும் தெளிவாக இருக்கும். ஒரு ராத்திரி மூடாமல் வைத்தால் மஞ்சளாகி அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்புச் சத்து. துணியெல்லாம் மங்கும், குழாய்க்குக் கீழே டைல்ஸில் பழுப்புக் கோடு விழும். பாத்ரூமில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி சோதனை முடிந்தது. சாக்கடை வாடை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு வீடு பாருங்கள், சரிசெய்து தருவதாகச் சொன்னாலும்.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இந்தியத் தரப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 2,000. மீட்டர் 1,500 காட்டினால் குளிக்கலாம், துவைக்கலாம், ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு கட்டும், குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

ஆனால் இந்த மீட்டரை நம்புவதற்கு ஓர் எல்லை உண்டு. அது மொத்த உப்பைக் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. முலாம் பூசுகிற பட்டறைகள் இருக்கும் இடத்துக்கு அருகே நிலத்தடி நீரில் குரோமியம், நிக்கல் மாதிரி உலோகம் இருந்தால் மீட்டர் 400 காட்டினாலும் அது குடிக்கத் தக்கதல்ல. கொதிக்க வைப்பதால் உலோகம் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். எஸ்டேட்டை ஒட்டிய வீட்டில் போர் தண்ணீரைக் குடிக்கத்தான் வேண்டும் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கிண்டி கிங் நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் வீட்டு பாட்டிலில் பிடிக்காமல், ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலை வாங்கிவந்து அதில் பிடியுங்கள். உலோகச் சோதனை வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். சாதாரணப் பரிசோதனையில் அது சேர்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கரண்ட் கணக்கு

வீட்டுக்குத் தனி இணைப்பா, சப்-மீட்டரா? இது மாதா மாதம் பணம் தின்னும் கேள்வி. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். நீங்கள் 300, கீழ்வீடு 300 என்று ஒரே இணைப்பில் ஓடினால் பில் 600-க்கு வரும். தனித்தனியாக இருந்திருந்தால் இருவரும் 500-க்குள் இருந்து, ஆளுக்கு 100 இலவசமும் பெற்றிருப்பீர்கள். சப்-மீட்டர் வீட்டில் யூனிட்டுக்கு ஒரே விலை என்று ஓனர் வைத்திருந்தால் அந்த விலையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பொது மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு வழி: உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் கட்டடம் முழுக்கத் தண்ணீர் ஏற்றும் செலவு உங்களுடையது.

மின்தடை, வோல்டேஜ் புகாருக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அட்வான்ஸ், ஒப்பந்தம், போக்கியம்

தமிழ்நாட்டு வீட்டு வாடகைச் சட்டம் 2017-இல் வந்து 2019 பிப்ரவரியில் அமலானது. அது அட்வான்ஸுக்குச் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. நடைமுறையில் ஐந்து, ஆறு, பழைய பழக்கத்தில் பத்து மாதம்வரை கேட்பார்கள். வாடகை 12,000 என்றால் 36,000-க்கும் 1,20,000-க்கும் உள்ள தூரம் அது. சட்டத்தைக் காட்டி ஓனரிடம் வாதாடினால் வீடு கிடைக்காது. "சட்டப்படி மூணு, நான் நாலு தர்றேன்" என்று ஆரம்பித்தால் ஐந்தில் முடிய வாய்ப்பு உண்டு.

"11 மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்பார்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தை சார்பதிவாளரிடம் பதிய வேண்டாம் என்பது பதிவுச் சட்டத்தின் கணக்கு. 2017 சட்டம் அதற்கு விலக்குத் தரவில்லை. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஒப்பந்தங்களுக்கான அரசு இணையதளத்தில் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: அட்வான்ஸ் தொகையும் அதைக் கொடுத்த வங்கிப் பரிவர்த்தனை எண்ணும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வருட உயர்வு எவ்வளவு, தண்ணீர் லாரிச் செலவின் பங்கு, பெயிண்ட் கழிவு. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது சென்னை வழக்கம். ஆறே மாதத்தில் காலி செய்தாலும் கழிப்பார்கள். "ஒரு வருஷத்துக்குள் போனால் பாதி" என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். ரொக்கமாக அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் வழக்கம், சாவி வாங்கிய பிறகுதான். வீட்டைக் காட்டவே 'டோக்கன்' கேட்கிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சிலர் போக்கியத்துக்கு வரச் சொல்வார்கள். இங்கே 'லீஸ்' என்று சொன்னாலும் அதேதான். சில லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கேட்க இனிமையாக இருக்கும். ஓனருக்கு ஏன் மொத்தப் பணம் அவசரமாக வேண்டும் என்பதே முதல் சந்தேகம். சொத்துவரி ரசீதில் பார்த்த பெயர், ஈ.பி. கார்டில் உள்ள பெயர், பத்திரத்தில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணமில்லை. 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்து, அதை ரத்து செய்த ரசீதுப் பதிவு அதன் பின்னால் இல்லையென்றால், பத்திரம் வங்கியில் இருக்கிறது. அந்தக் கடன் நின்றால் வங்கி வீட்டை ஏலம் விடும், உங்கள் லட்சங்களுக்கு முன் அவர்களுடைய பாக்கி. போக்கியம் என்றால் பதிவு செய்த பத்திரம் மட்டுமே. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்திக் கொடுத்தால் அது காகிதம்.

குடிபோகும் நாள்

வீடு பார்க்க உதவாத ஞாயிற்றுக்கிழமை, சாமான் ஏற்ற நல்ல நாள். வேலைநாளில் மாலை ஐந்திலிருந்து எட்டுவரை எம்.டி.எச். சாலையில் டாடா ஏஸ் நகராது, வெயிட்டிங் சார்ஜ்தான் ஏறும். முந்தின நாளே ஒரு தடவை போய், சம்பில் தண்ணீர் இருக்கிறதா, மேல்தொட்டி கழுவியதா என்று பார்த்துவிடுங்கள். தொட்டி அடியில் ஒரு சாண் சேறு இருந்தால் சாமான் இறங்குவதற்கு முன் கழுவித் தரச் சொல்வது எளிது, இறங்கிய பிறகு அது உங்கள் வேலை.

சாமான் உள்ளே போவதற்கு முன், காலி வீட்டை அறை அறையாகப் படம் எடுங்கள். சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், பாத்ரூம் கதவின் அடிப்பாகம், சிங்க்குக்குக் கீழே ஈரம். ஈ.பி. மீட்டரையும் சப்-மீட்டரையும் எண் தெளிவாகத் தெரிய ஒரு படம். அத்தனையையும் அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "குடிவந்த அன்னைக்கு இப்படி இருந்தது சார்" என்று ஒரு வரி போட்டு வையுங்கள். தேதியோடு அது அங்கேயே கிடக்கும். காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதி அட்வான்ஸைத் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பேச்சு வரும்போது முதலில் திறக்க வேண்டியது இந்தப் படங்களைத்தான்.